சவ்வுக்கு ஊற்றிய சிறுவாணித் தண்ணீர்

எங்கள் பக்கத்து ஆட்கள் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாய் ஓயாது. கோயம்புத்தூரில் பிறந்த யாரிடமாவது போய் உங்கள் ஊரில் என்ன விசேஷம் என்று கேளுங்கள். மில்லைச் சொல்ல மாட்டார், பம்புசெட்டைச் சொல்ல மாட்டார். "எங்க சிறுவாணித் தண்ணி இருக்குதுங்களே" என்றுதான் தொடங்குவார். ஏதோ அவரே மலையேறிப் போய் அணையைக் கட்டிவிட்டு இறங்கி வந்த தோரணை. அந்தத் தண்ணீரைக் குடித்ததால்தான் நமக்கு மரியாதையான பேச்சு வந்தது என்று மேடையில் முழங்குகிறவர்களையும் கேட்டிருக்கிறேன். நல்ல தண்ணீர்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெருமை என்னுடைய முனைவர் பட்டத்தைக் கிட்டத்தட்ட விழுங்கப் பார்த்தது. அதை யாரும் மேடையில் சொல்லப் போவதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் ஆராய்ச்சி செய்த கல்லூரி சிங்காநல்லூரைத் தாண்டிக் கிழக்கே இருக்கிறது. முன்பு சோளக்காடாக இருந்த இடம். இப்போது முகப்பெல்லாம் கண்ணாடி. அங்கே சிறுவாணி வராது. ஆழ்துளைக் கிணற்று போர்த் தண்ணீர்தான். வாயில் வைத்தால் கரிக்கும், சோப்பு நுரைக்காது, பக்கெட்டைக் கவிழ்த்தால் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். விடுதிப் பெண்கள் சீப்பைப் பார்த்துப் பார்த்து அழுவார்கள். கல்லூரி விளம்பரத்தில் கண்ணாடி முகப்பு இருக்கும், கூடைப்பந்து மைதானம் இருக்கும், சிரிக்கிற மாணவிகள் இருப்பார்கள். தண்ணீரைப் பற்றி மூச்சுக்கூட இருக்காது. எங்கள் பக்கத்தில் உப்புத்தண்ணீர் வீடு என்றால் பெண் கொடுக்கவே யோசிப்பார்கள். அதனால் கல்லூரித் தாளாளருக்கு அந்த போர்த் தண்ணீர், குடும்பத்தில் ஒளித்து வைக்க வேண்டிய ஒரு சங்கதி.

ஆராய்ச்சி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பென்சில் முனையில் இருக்கிற கிராஃபைட்டை அமிலத்தில் போட்டு ஏடு ஏடாகப் பிரித்தெடுத்தால் கிராபீன் ஆக்சைடு. தண்ணீரில் கலக்கினால் டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். அதை வடிதாளின் மேல் ஊற்றி, அடியிலிருந்து பம்பு வைத்து உறிஞ்சினால் ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து பளபளவென்று ஒரு கறுப்புச் சவ்வு கிடைக்கும். சாயத் தண்ணீரை அதன்மேல் ஊற்றி அழுத்தம் கொடுத்தால், தண்ணீர் மட்டும் ஏடுகளுக்கு நடுவே நுழைந்து கீழே வர வேண்டும். சாயமும் உப்பும் மேலேயே நிற்க வேண்டும். வேண்டும் என்றுதான் சொல்கிறேன். நிற்காது. தண்ணீரில் ஊறியதும் ஏடுகள் விலகி, மழையில் நனைந்த நோட்டுப் புத்தகம் மாதிரி சவ்வு உப்பிக்கொள்ளும். இடைவெளி பெரிதாகிவிட்டால் எல்லாமே உள்ளே புகுந்து போய்விடும்.

அந்த இடைவெளியை இறுக்கிப் பிடிக்கத்தான் உலோக அயனிகள். பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் என்று ஏதாவது ஒன்று கரைசலிலிருந்து போய் ஏடுகளுக்கு நடுவே உட்கார்ந்து, மேல் ஏட்டையும் கீழ் ஏட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். எந்த அயனி உட்காருகிறது என்பதைப் பொறுத்து இடைவெளி. எவ்வளவு இடைவெளி என்பதைப் பொறுத்து, எது போகலாம், எது நிற்க வேண்டும் என்ற கணக்கு. என் ஆராய்ச்சி மொத்தமும் இவ்வளவுதான்.

என் வழிகாட்டிப் பேராசிரியருக்குப் பொட்டாசியத்தின் மேல் அப்படி ஒரு காதல். வெளிநாட்டுக் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, "பொட்டாசியம்தான் பூட்டு" என்று ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார். கருத்தரங்கில் சொன்னார், கல்லூரி ஆண்டு விழாவில் சொன்னார், ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடமும் சொன்னார். ஆனால் அந்தப் பூட்டைப் போடுகிற ஆய்வகத்துக்குள் மட்டும் வர மாட்டார். அவர் தலை உள்ளே தெரிந்தால் அன்றைக்கு ஆயுத பூஜை என்று அர்த்தம்.

ஆய்வகத்தில் தண்ணீரிலிருந்து உப்பையெல்லாம் நீக்கி 'டிஐ வாட்டர்' ஆக்கித் தருகிற எந்திரம் ஒன்று இருந்தது. நான் சேர்ந்த கொஞ்ச நாளில் அது படுத்துவிட்டது. பழுது பார்க்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டதுதான் மிச்சம். ஏடுகளைக் கலக்குவதற்கு மட்டும் பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வருவேன். போர்த் தண்ணீரில் கலக்கினால் ஏடுகள் திரிந்துபோன பால் மாதிரி கட்டி கட்டியாகிவிடும். சவ்வு படிந்த பிறகு அதைப் பொட்டாசியக் கரைசலில் ஊற வைப்பதும், கழுவுவதும் குழாய்த் தண்ணீரில்தான் நடந்தது. நான் இதை மறைக்கவில்லை. பேராசிரியர் அறைக்குப் போய் நேராகவே சொன்னேன்.

"சார், டிஐ வாட்டர் மெஷின் இன்னும் சரியாகலீங்க. ஊற வைக்கறது, கழுவறது எல்லாம் பைப்புத் தண்ணியிலதானுங்க நடக்குது."

"ரிசல்ட் வருதா?"

"வருதுங்க. சாயம் ஒரு பொட்டுக்கூட எறங்கறதில்லீங்க."

"அப்பறம் என்ன கண்ணு? எழுதறப்ப டிஐ வாட்டர்னு எழுதிக்க."

இதுதான் அவருடைய அறிவியல் நேர்மை. நான் அப்படி எழுதவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தப் பகுதியைக் காலியாக விட்டு வைத்தேன். சவ்வு மட்டும் அருமையாக ஓடியது. சிவப்புச் சாயத் தண்ணீரை மேலே ஊற்றினால் கீழே கண்ணாடி மாதிரி தண்ணீர் சொட்டும். பார்த்தவர்கள் எல்லோரும் பொட்டாசியத்துக்குக் கும்பிடு போட்டார்கள்.

இந்தச் செய்தி பெருந்துறையில் சாயத் தொழிற்சாலை வைத்திருந்த ஒருவர் காதுக்குப் போனது. வசதியான விவசாயக் குடும்பம். சாயத்தில் இறங்கி இன்னும் வசதியானவர். அவர் ஒருநாள் கல்லூரிக்கு வந்து, சவ்வை வாங்கி, அந்தியூர்ச் சந்தையில் குதிரை வாங்குகிறவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் ஒரு தடவை ஓட்டிக் காண்பித்தேன். மனிதருக்குப் பிடித்துப்போயிற்று.

"அம்மணி, படிப்பை முடிச்சுப்போட்டு நேரா நம்ம ஃபேக்டரிக்கு வந்துருங்க. லேப் ஒண்ணு கட்டித் தாரேன். நீங்களே பாத்துக்கங்க" என்றார்.

எனக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தியூர்ப் பக்கத்தில் எங்கள் வீட்டில் நான் படிப்பதற்கு ஆதரவாக இருந்தது அம்மா ஒருத்திதான். "படிச்சு என்னத்தப் பண்ணப் போறா" என்று கேட்டவர்கள் ஊரில் வரிசையாக இருந்தார்கள். பட்டம் ஒன்று, அதன் பின்னாலேயே ஆய்வகத்தைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிற வேலை ஒன்று. இரண்டும் இந்தச் சவ்வின் மேல் நின்றன. சாயம் கீழே இறங்காத வரைக்கும் நானும் இறங்க மாட்டேன்.

சாயத் தொழிற்சாலைக்காரர் குடும்பத்தோடு வந்து, முறைப்படி ஒரு செய்முறையைப் பார்த்துவிட்டு ஒப்பந்தம் போடுவதாக ஏற்பாடாயிற்று. அப்போதுதான் இன்னொரு விஷயமும் தெரிந்தது. அவருடைய மகளைத் தாளாளரின் மகனுக்குக் கேட்டுப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆகக்கூடி வரப் போவது சவ்வு பார்க்க வருகிற ஆட்கள் இல்லை, வீடு பார்க்க வருகிற சம்பந்தி வீட்டார். என் சவ்வு நடுவில் ஒரு சாக்கு. அடக் கெரகமே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

தாளாளர் எங்களை எல்லாம் கூப்பிட்டு வைத்து உத்தரவு போட்டார். "வர்றது சம்பந்தம் பேசற ஒறம்பரைங்க. உப்புத்தண்ணிய அவங்க கண்ணுல காட்டக் கூடாது. குடிக்கற தண்ணி, கை கழுவற தண்ணி, எல்லாம் சிறுவாணியா இருக்கோணும்." வடவள்ளியில் சொந்தக்காரர் வீட்டிலிருந்து கேன் கேனாகச் சிறுவாணித் தண்ணீர் வேனில் வந்து இறங்கியது. விருந்தினர் கழிவறைத் தொட்டிக்குக்கூடச் சிறுவாணி. வாசலில் வைத்த பூந்தொட்டிகளுக்கும் அதையே ஊற்றினார்கள். பூந்தொட்டி யாரிடம் போய் உப்புக் கரிக்கிறது என்று சொல்லப் போகிறதோ தெரியவில்லை.

அதோடு விட்டிருந்தால் நான் பாட்டுக்குச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"மெம்ப்ரேன் புதுசா ஒண்ணு செஞ்சுபோடு கண்ணு. பழசெல்லாம் கறை புடிச்சுக் கெடக்குது. நல்ல காரியத்துக்குப் பழசை வெக்க முடியுமா? பொட்டாசியத்துல ஊற வெக்கறது, கழுவறது எல்லாமே சிறுவாணியிலயே பண்ணிரு. சுத்தமா இருக்கும்."

"சார், நல்லா ஓடிட்டு இருக்கறதை எதுக்குங்க மாத்தோணும்? பழைய சவ்வையே வெச்சுக்கலாமுங்க. இல்லாட்டி புதுசை ஒருக்கா ஓட்டிப் பாத்துட்டாவது..."

"ஓட்டிட்டா அதுவும் பழசுதானே! மொத ஓட்டம் ஒறம்பரை கண்ணு முன்னால ஆகட்டும். நல்ல நேரம் குறிச்சாச்சு."

கல்யாணப் பட்டுப் புடவையைக் கட்டிப் பார்க்காமல் எடுத்து வைக்கலாம். புதுச் சவ்வை ஓட்டிப் பார்க்காமல் மேடையில் ஏற்றுவதை உலகத்தில் வேறு எந்த ஆய்வகத்திலும் செய்திருக்க மாட்டார்கள். இதைச் செய்ய எங்கள் ஆட்களால்தான் முடியும். செய்யச் சொன்னார், செய்தேன். கையெழுத்துப் போடுகிற கை அவருடையது.

அன்றைக்கு ஆய்வகம் கோயில் மாதிரி இருந்தது. சவ்வைப் பொருத்துகிற எஃகுக் குவளைக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். அழுத்தக் கடிகாரத்துக்குப் பூச்சரம். சாயத் தொழிற்சாலைக்காரர், அவர் மனைவி, இரண்டு பக்கத்துப் பெரியவர்கள் எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். முதலில் ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் வந்தது. அவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "தண்ணி நல்லா இருக்குதுங்க" என்றார். தாளாளர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மகன் கல்யாணம் அங்கேயே முடிந்துவிட்ட மாதிரி மலர்ந்துபோனார்.

நல்ல நேரம் வந்தது. சாயத் தொழிற்சாலைக்காரரே வால்வைத் திறந்தார். கீழே கண்ணாடிக் குடுவையில் முதல் சொட்டுகள் விழுந்தன. பளிங்கு. கைதட்டினார்கள். பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொட்டாசியம்தானுங்க பூட்டு" என்று ஆரம்பித்தார்.

காய்ந்த சவ்வு ஊறக் கொஞ்ச நேரமாகும். ஊறியது. சொட்டு லேசாக ரோஸ் ஆனது. நான்தான் முதலில் பார்த்தேன். பிறகு நல்ல ரோஸ். பேராசிரியர் பூட்டைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே குடுவையில் செக்கச்செவேலென்று இறங்க ஆரம்பித்துவிட்டது. சாயத் தொழிற்சாலைக்காரர் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, இதே கலர் தண்ணி எங்க தொட்டியிலயே இருக்குதுங்களே. இதுக்கு எதுக்குங்க நடுவுல ஒரு மெம்ப்ரேன்?"

பெண்கள் பக்கம் களுக்கென்று சிரிப்பு. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இருந்தாலும் பேசாமல் இருக்க முடியவில்லை.

"இந்தத் தண்ணியில இதுக்கு முன்னால நாங்க செஞ்சதே இல்லீங்க. தண்ணி மாறினதாலதான் இருக்குமுங்க. பழைய சவ்வு இருக்குதுங்க, ஓட்டிக் காமிக்கட்டுங்களா?" என்று அவரைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, பேராசிரியர் முகத்தைப் பார்த்தார். பேராசிரியர் சிரித்தார். எதையும் சிரித்தே சொல்வது எங்கள் பக்கத்து நாகரிகம்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். சிறுவாணித் தண்ணியையே கொறை சொல்லுதுங்க இந்தப் புள்ளை! கைவேலைங்க. கைராசின்னும் ஒண்ணு இருக்குதுங்களே. விடுங்க, சாப்பிடப் போலாம்."

எல்லோரும் சிரித்துக்கொண்டே எழுந்து விருந்துக்குப் போனார்கள். சந்தனம் பூசிய குவளையைக் கழுவ நான் இருந்தேன். போர்த் தண்ணீரில்தான் கழுவினேன்.

கல்யாணப் பேச்சு நிற்கவில்லை. அது பாட்டுக்கு நடந்து முடிந்தது. பெண் உப்புத்தண்ணீர் வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். முடி கொட்டியதா என்று நான் விசாரிக்கவில்லை. ஒப்பந்தம்தான் நின்றுபோயிற்று, எனக்குச் சொன்ன வேலையும் அதோடு போயிற்று. 'கைராசி இல்லாதவள்' என்ற பெயர் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. ஆய்வகத்துக்குப் புதுக் கருவி ஏதாவது வந்தால், "நீ முதல்ல சுவிட்சைப் போடாதே, வேற யாராச்சும் போடட்டும்" என்பார்கள். அயனியின் ஆரத்தைத் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரைக்கும் மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் இப்படிப் பேசினார்கள். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்!

ஆத்திரம் எனக்கு நல்லது செய்தது. ஒரே மாதிரி சவ்வுகளை வரிசையாகச் செய்தேன். சிலவற்றைப் பேட்டரிக் கடைத் தண்ணீரில் கரைத்த பொட்டாசியத்தில் மட்டும் ஊற வைத்தேன். சிலவற்றை போர்த் தண்ணீரில். சிலவற்றைச் சிறுவாணியில். இன்னும் சிலவற்றைச் சிறுவாணியில் கால்சியம் உப்பு ஒரு சிட்டிகை சேர்த்து. எல்லாவற்றையும் பேட்டரிக் கடைத் தண்ணீரிலேயே கழுவி, சாயத்தை ஊற்றிப் பார்த்தேன். பொட்டாசியம் மட்டும் இருந்த சவ்வு, கரைசலில் இருக்கும்வரை ஒழுங்காக இருந்தது. உப்பில்லாத நல்ல தண்ணீரில் கழுவியதும் பொட்டாசியம் கழன்று போய்விட்டது, ஏடுகள் விலகிவிட்டன. சிறுவாணியும் அதே கதை. அதில் இறுக்கிப் பிடிக்கிற அளவுக்கு உப்பே கிடையாது. குடிக்க ருசியாக இருப்பதற்கு அதுதானே காரணம். போர்த் தண்ணீர்ச் சவ்வு அசையவில்லை. சிட்டிகை கால்சியம் போட்ட சிறுவாணிச் சவ்வும் அசையவில்லை.

அப்புறம் என்ன, குட்டு வெளிப்பட்டுவிட்டது. இத்தனை நாளும் சவ்வைப் பிடித்து வைத்திருந்தது பேராசிரியரின் பொட்டாசியம் இல்லை. விடுதிப் பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிற சுண்ணாம்பு, அந்த கால்சியம். யாரும் பெயர் சொல்லக் கூசிய போர்த் தண்ணீர் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கும்பிடு மட்டும் பொட்டாசியத்துக்கு விழுந்தது. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை. பொட்டாசியத்தைவிட இது நல்ல முடிவு, மலிவானதும்கூட. தலைகால் புரியாமல் ஓடிப் போய்ப் பேராசிரியரிடம் சொன்னேன்.

அவர் முழுவதும் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப நம்ம காலேஜ் தண்ணி உப்புன்னு தீசிஸ்ல எழுதப் போறே."

"ஆமாங்க சார். எந்தத் தண்ணியில செஞ்சமோ அதைத்தானுங்களே எழுதோணும்?"

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கோணும் அம்மணி. உனக்கு எடம் குடுத்த காலேஜ் இது. தாளாளர் காதுக்குப் போனா என்ன ஆகும்? பொட்டாசியம், டிஐ வாட்டர். அப்படி எழுதினா நான் கையெழுத்துப் போடறேன். இல்லாட்டி நீ வேற ரோசனை பண்ணிக்க."

நான் வேறு யோசனை எதுவும் பண்ணவில்லை. அப்படி எழுதவும் இல்லை; போர்த் தண்ணீர், கால்சியம் என்றே எழுதிக் கொடுத்தேன். ஆய்வேடு அவர் மேசையில் கிடந்தது. நான் வாசலில் கிடந்தேன். அம்மா போனில், "இன்னும் எத்தனை நாளாகுங் கண்ணு?" என்று கேட்பாள். "ஆகும்மா" என்று சொல்லிவிட்டு வைப்பேன். வேறு என்ன சொல்வது? தண்ணீர் உப்பு என்று எழுதியதால் பட்டம் நிற்கிறது என்று சொன்னால், கேட்கிறவர்கள் எனக்குத்தான் மூளை பிசகிவிட்டது என்பார்கள்.

பிறகு ஒருநாள் ஈரோட்டில் ஒரு கருத்தரங்கு. பேராசிரியர் சிறப்புரை. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திரையில் தலைப்பு வந்தது: கடின நீரில் உள்ள கால்சியம் அயனிகளைக் கொண்டு கிராபீன் ஆக்சைடுச் சவ்வைக் கட்டுப்படுத்துதல்.  என் படங்கள். என் வரைபடங்கள். ஒரு படத்தில் குவளையைப் பிடித்திருந்தது என் கை; வளையல்கூடத் தெரிந்தது. "எனக்கு ரொம்ப நாளாவே ஒரு சந்தேகம் இருந்துதுங்க" என்று அவர் ஆரம்பித்தார். சந்தேகமாம்! பூட்டு சாவி எல்லாம் காற்றோடு போய்விட்டது. கைதட்டல் பிரமாதம். கல்லூரித் தண்ணீரின் 'கனிம வளம்' தன் ஆய்வுக்கு உதவியது என்று தாளாளருக்கும் நன்றி சொல்லி முடித்தார். உப்பு என்றால்தான் கேவலம். கனிம வளம் என்றால் பெருமை.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "தீசிஸை அப்படியே சமர்ப்பிச்சுரு கண்ணு. நம்ம ஐடியாதானே" என்றார். உண்மை அவருடையது ஆனதும் அதில் உப்பு கரிக்கவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சமர்ப்பித்தேன். வாய்மொழித் தேர்வு முடிந்து அவர் தேர்வு அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்த மனிதரின் முகத்தில் விழிக்க வேண்டாம் என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

வாய்மொழித் தேர்வு எங்கள் பக்கத்தில் பாதி பரீட்சை, பாதி விசேஷ வீடு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். முடிந்ததும் எல்லோருக்கும் சாப்பாடு போடுவது மாணவரின் பொறுப்பு. அம்மா அந்தியூரிலிருந்து பட்டுப் புடவை கட்டிக்கொண்டு பஸ் பிடித்து வந்து, தக்காளிச் சாதத்துக்கும் ஜிலேபிக்கும் முன்நின்று ஏற்பாடு செய்தாள். முன்வரிசையில் தாளாளர், அவர் பக்கத்தில் சம்பந்தி என்ற முறையில் பெருந்துறைச் சாயத் தொழிற்சாலைக்காரர். வெளியூரிலிருந்து தேர்வாளராக ஒரு பேராசிரியை வந்திருந்தார். தலையாட்டாத, சிரிக்காத அம்மையார். அவர் துருவித் துருவிக் கேட்டார், நான் சொன்னேன். கடைசியில், "திருப்தி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டுப் பேராசிரியர் பக்கம் நகர்த்தினார்.

"பொதுமக்கள் யாராச்சும் கேள்வி கேக்கறதுன்னா கேளுங்க" என்றார் பேராசிரியர், சம்பிரதாயத்துக்கு.

சாயத் தொழிற்சாலைக்காரர் எழுந்தார். "ஏனுங்க, இவ்வளவு நல்லாப் பேசறாங்களே இந்த அம்மணி. அன்னிக்கு நான் வந்தப்ப மட்டும் ஏனுங்க செவப்பா ஊத்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பேராசிரியர் முந்திக்கொண்டார். "அதுவாங்க, புள்ளை அப்பப் பழகிட்டு இருந்துது. கழுவறதுல ஒரு தப்புப் பண்ணிப்போடுச்சு. நான் அப்பறமாக் கண்டுபுடிச்சுச் சரிபண்ணினேன்."

அறிக்கை அவர் முன்னால் கிடந்தது, பேனா அவர் கையில் இருந்தது. பேசாமல் இருந்தால் இன்னும் அரை நிமிடத்தில் நான் டாக்டர். கடைசி வரிசையில் அம்மா கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அந்த நேரத்தில் பட்டம் கூட ஞாபகம் வரவில்லை. சுவிட்சைத் தொடாதே என்று சொன்னவர்களின் முகங்கள்தான் ஞாபகம் வந்தன.

"இல்லீங்க சார். சிறுவாணியில கழுவச் சொன்னது நீங்கதானுங்க. வேண்டாம்னு நான் சொன்னனுங்க."

 தாளாளர் கூரையைப் பார்த்தார். தேர்வாளர் முதல் தடவையாகப் பேராசிரியரை நிமிர்ந்து பார்த்து, "அப்படியா சார்?" என்றார்.

அந்த மனிதரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாது. ஒரு நொடிதான், சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. "ஆமாங்க மேடம், நான்தான் சொன்னேன். வேணும்னேதான் சொன்னேன். உப்பில்லாத தண்ணியில என்ன ஆகுதுன்னு ஒரு சோதனை பண்ணிப் பாத்தமுங்க. அதுலிருந்துதான் இந்த ஐடியாவே வந்துது."

சம்பந்தி முன்னால், சந்தனம் குங்குமம் வைத்து, நல்ல நேரம் பார்த்து, தோற்பதற்காகவே ஒரு சோதனை! சிலர் தலையாட்டவும் செய்தார்கள். எனக்கு அடக்கி வைத்தது எல்லாம் பொங்கி வந்தது. குரல் மட்டும் உயரவில்லை.

"சார் சொல்றது பொய்ங்க."

யாரோ இருமினார்கள். பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார்.  தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அறிக்கையை இன்னும் ஒரு விரற்கடை அவர் பக்கம் தள்ளினார்.

"கையெழுத்துப் போடுங்க சார். போட மாட்டேன்னா அதுக்குக் கீழ காரணம் எழுதணும். எழுதுறீங்களா? எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

என்ன காரணத்தை எழுதுவார்? மாணவி உண்மை பேசினாள் என்றா? பேனாவை எடுத்து, காகிதம் கிழிந்துவிடுமோ என்று நான் பயப்படும் அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டார். எழுந்தார். யாரையும் பார்க்காமல் வெளியே போய்க் காரில் ஏறினார். அம்மா பதறிக்கொண்டு என்னிடம் வந்தாள். "சார் சாப்பிடாமப் போறாருங் கண்ணு! நம்ம ஊட்டு விசேஷத்துல கை நனைக்காமப் போலாமா?"

"போகட்டும் உடும்மா. பசிக்காது அவருக்கு."

"டாக்டராயிட்டியா இல்லையா, அதைச் சொல்லு மொதல்ல."

"ஆயிட்டேன்" என்றேன். அவ்வளவுதான், அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்தவர்களைக் கவனிக்கப் போய்விட்டாள்.

எல்லோரும் தட்டோடு நின்று சாப்பிட்டார்கள். என் பக்கத்தில் வர யாருக்கும் தைரியமில்லை. தாளாளர் எங்கே பார்க்கிறாரோ என்ற பயம். சாயத் தொழிற்சாலைக்காரர் மட்டும் தட்டை ஏந்திக்கொண்டு மெதுவாக வந்தார். முகத்தில் ஒரு சங்கடம். நல்ல மனிதர்தான், அதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

"அம்மணி, என்னவோ போங்க, எனக்கு மனசுக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. வீணா ஒரு நல்ல வேலைக்காரியை உட்டுப்போட்டேன். இதை நீங்க அன்னிக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே?"

"சொன்னனுங்க" என்றேன். "உங்களைப் பாத்துத்தான் சொன்னேன். நீங்க சார் மூஞ்சியைப் பாத்துட்டு இருந்தீங்க."

அவர் கையிலிருந்த ஜிலேபியைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.